மெய்ப்பாடும் மூளை மின்னலையும்
உணர்வு குன்றிய நோயாளரும் மூளை-கணிப்பொறி இணைப்பும்: ஓர் அறிமுக ஆய்வு

முன்னுரை

உள்ளத்தில் தோன்றும் உணர்வு உடலின் வழியே பிறர்க்குப் புலனாவதை மெய்ப்பாடு என்பர் நம் முன்னோர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் இதற்கென ஓர் இயலையே வகுத்து, நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை எடுத்துரைத்தார். திருவள்ளுவரோ குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் இன்பத்துப்பாலில் ஓர் அதிகாரமும் படைத்தார். முகத்தையும் கண்ணையும் நோக்கி உள்ளத்தை அறிய இயலும் என்பதே இவ்விரு பெருநூல்களுக்கும் பொதுவான அடிப்படையாகும்.

ஆயின், முகம் அசையவில்லை, கண் திறந்திருந்தும் எதனையும் நோக்கவில்லை, அழைத்தால் விடையில்லை எனின், அவ்வுடலுள் உள்ளம் உண்டா இல்லையா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினா புலவர்க்கு மட்டும் உரியதன்று. மதுரையிலிருந்து திண்டுக்கல் வழியாகக் கரூர் நோக்கிச் செல்லும் நான்குவழிச் சாலையை அடுத்து வாழும் நமக்கு இது வீட்டு வாசலில் நிற்கும் வினா. இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட இளைஞர் ஒருவர், உயிர் பிழைத்தும் பேச்சின்றிப் படுத்திருக்கும் வீடு எதுவெனக் கேட்டால், சுட்டிக்காட்ட நம் பகுதியில் பலர்க்கும் ஓர் இல்லம் நினைவுக்கு வரும்.

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்கு ஆளானோர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தை வரையறுத்த தொகைக்கு உட்பட்டுக் கட்டணமின்றி அளிக்க வழி செய்தது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. உயிர் காக்கும் வழிகள் பெருகப் பெருக, உயிர் பிழைத்தும் உணர்வு திரும்பாதவரைப் பேணும் கடமையும் பெருகுகிறது. அத்தகையோர் உள்ளத்தை மூளையின் மின்னலை வழியே அறிய முயலும் புதிய துறையை இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது. அதில் தமிழ் கற்றோர்க்கும் பங்குண்டு என்பதையும் எடுத்துரைக்கிறது.

ஒரு சொல்லில் அடங்கா நிலைகள்

பேச்சு வழக்கில் 'கோமா' என்னும் ஒரே சொல்லால் பல நிலைகளையும் குறித்து விடுகிறோம். மருத்துவ நூலார் அவற்றை வேறு வேறாகப் பிரிப்பர்.

முதலாவது ஆழ்மயக்கம். இதுவே உண்மையில் கோமா எனப்படுவது. கண்கள் மூடியிருக்கும், எவ்வாறு தூண்டினும் விழிப்பு வாராது. உயிர் பிழைப்போரிடம் இந்நிலை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மாறிவிடும்.

இரண்டாவது, விழித்திருந்தும் அறியா நிலை. கண் திறக்கும், மூடும். உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். மூச்சும் செரிமானமும் தாமே இயங்கும். ஆயினும் தன்னையும் சூழலையும் அறிந்தமைக்கான குறி ஏதும் காணப்படாது. 1972-இல் ஜென்னட், பிளம் என்னும் இரு மருத்துவ அறிஞர் இந்நிலைக்குப் பெயரிட்டு விளக்கினர்.

மூன்றாவது, சிற்றுணர்வு நிலை. உணர்வு சிறிதே உண்டு. அதுவும் விட்டு விட்டுத் தோன்றும். காலையில் மகளின் முகத்தைத் தொடர்ந்து நோக்கியவர் மாலையில் எதனையும் நோக்காதிருப்பார். 2002-இல்தான் இந்நிலை தனியே வரையறுக்கப்பட்டது.

நான்காவது, பூட்டுண்ட நிலை. இங்கு அறிவு முழுமையாக விழித்திருக்கும். உடல் மட்டும் அசையாது. பிரான்சு நாட்டு இதழாசிரியர் ழான் தொமினிக் போபி 1995-இல் பக்கவாதத்தால் இந்நிலை எய்தி, இடக்கண் இமையை மட்டும் அசைத்து, எழுத்தெழுத்தாக ஒரு நூலையே சொல்லி எழுதுவித்தார். அந்நூல் 1997-இல் வெளிவந்தது.

இந்நான்கினும் முற்றிலும் வேறானது மூளைச்சாவு. மூளையும் மூளைத்தண்டும் மீளா வகையில் செயலிழந்த பின், கருவியே மூச்சை நடத்தும். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் இதனை இறப்பென ஏற்கிறது. 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், மூளைச்சாவுற்ற தம் மகனின் உறுப்புகளைக் கொடையளித்தது தமிழகத்தையே உருக்கியது. அக்கொடைக்கும் நாம் பேசவிருக்கும் நோயாளர்க்கும் தொடர்பில்லை. இவர்கள் உயிரோடிருப்பவர்கள். இவ்வேறுபாட்டை நம் வீட்டார் ஒவ்வொருவரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

பெயரால் வந்த குறை

விழித்திருந்தும் அறியா நிலைக்கு மேலைநாட்டார் முதலில் இட்ட பெயர் 'தாவரம் போன்ற நிலை' என்னும் பொருளுடையது. உயிரின் அடிப்படை இயக்கங்கள் மட்டும் நடைபெறுகின்றன என்பதே அவர்கள் கருத்து. ஆயினும் ஒரு மனிதரைச் செடியோடு ஒப்பிடும் அப்பெயர் உறவினர் நெஞ்சைப் புண்படுத்தியது. ஆதலின் 2010-இல் ஐரோப்பிய அறிஞர் குழுவொன்று அதனைக் கைவிட்டு, மறுமொழியற்ற விழிப்பு நிலை என்னும் பொருள்படப் புதுப்பெயர் முன்மொழிந்தது. இதன் நயம் கருதத்தக்கது. பழைய பெயர் நோயாளரிடம் உணர்வில்லை எனத் தீர்ப்பளித்தது. புதுப்பெயரோ நாம் கண்டதை மட்டும் கூறுகிறது: விழிப்பு உண்டு, மறுமொழி இல்லை. உள்ளே இருப்பது பற்றி அது முன்கூட்டியே முடிவு கூறவில்லை.

தமிழ் மாணவர் இங்கு மரபியலை நினைவுகூர்தல் தகும். உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுத்த தொல்காப்பியர், புல்லையும் மரத்தையும் அறிவற்றவை எனத் தள்ளவில்லை. தொடுதலை உணரும் ஓரறிவை அவற்றிற்கு அளித்தார். செடிக்கும் ஓரறிவு கண்ட மரபில் வந்த நாம், விழித்துப் படுத்திருக்கும் மனிதரின் அறிவை எளிதில் மறுத்துரைக்கலாகாது.

பாரசீக மண்ணில் தோன்றிய மருத்துவமேதை இப்னு சீனா (980-1037) உயிரைப் பற்றிய தம் ஆய்வில் ஒரு கற்பனை மனிதரைப் படைத்தார். அம்மனிதர் வெட்டவெளியில் மிதக்கிறார்; எதனையும் காணவில்லை, கேட்கவில்லை; தம் உறுப்புகள் ஒன்றையொன்று தொடுவதையும் உணரவில்லை. அந்நிலையிலும் 'நான் இருக்கிறேன்' என்பதை அவர் அறிவார் என்பது இப்னு சீனாவின் முடிவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சிந்தனையில் எழுந்த அவ்வினாவை இன்று மருத்துவமனைப் படுக்கையருகே கருவிகொண்டு கேட்கின்றனர்.

மூளையின் மின்னலை

மூளையின் நரம்பணுக்கள் செயற்படுங்கால் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. தலையின் தோல்மீது மின்வாய்களை ஒட்டி அதனை அளக்கலாம். அதன் அளவு ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் சில பத்துக் கூறுகளே ஆகும். செர்மனியின் ஜெனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிவு செய்து, 1929-இல் அதனை வெளியிட்டார். நம் தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி 1950-இலும் மூளை அறுவைத்துறையைத் தொடங்கினர். நரம்பியல் மருத்துவம் இந்நாட்டில் வேரூன்ற அவர்கள் பணி அடித்தளமாயிற்று.

மின்னலையைப் படித்து நோயறிவது ஒன்று. அதனையே மொழியாகக் கொண்டு நோயாளரோடு உரையாடுவது வேறொன்று. 1973-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜாக் விடால், மூளைக்கும் கணிப்பொறிக்கும் நேரடித் தொடர்பு ஏற்படுத்தும் கருத்தை முன்வைத்தார். இவ்விணைப்பு மூன்று படிகளால் ஆனது. மின்வாய்கள் அலையைப் பெறும். கணிப்பொறி அதில் குறிப்பிட்ட மாற்றத்தைத் தேடும். அம்மாற்றத்தை 'ஆம்', 'இல்லை' என்றோ ஓர் எழுத்து என்றோ மொழிபெயர்க்கும்.

தேடப்படும் மாற்றங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. கையை அசைப்பதாக மனத்தால் எண்ணினாலே, இயக்கப் பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 வரை அதிரும் அலை தணிகிறது. கை அசைய வேண்டுவதில்லை. இஃது ஒன்று. பல ஒலிகளுக்கிடையே எதிர்பார்த்திருந்த அரிய ஒலி ஒன்று வரும்போது, ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் மூன்று பங்கு நேரம் கழித்து ஓர் அலை எழுகிறது. இது மற்றொன்று. இரண்டாம் அலையைக் கொண்டு திரையில் எழுத்துகளைத் தெரிவு செய்யும் முறையை 1988-இல் ஃபார்வெல், டான்சின் ஆகியோர் அமைத்தனர்.

உள்ளம் விடைகூறிய வரலாறு

இம்முறைகள் முதலில் அறிவு தெளிந்த, உடல் செயலிழந்த நோயாளர்க்கே பயன்பட்டன. உணர்வே இல்லை எனக் கருதப்பட்டோரிடம் இவ்வாய்வு திரும்பியது 2006-இல். சாலை விபத்தில் மூளை அடிபட்டு, ஐந்து மாதமாக மறுமொழியின்றிக் கிடந்த 23 வயதுப் பெண்ணொருவரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து ஆராய்ந்தனர். 'டென்னிஸ் ஆடுவதாக எண்ணுக' என்று கூறியபோது இயக்கத்தைத் திட்டமிடும் மூளைப்பகுதி செயற்பட்டது. 'உம் வீட்டு அறைகளில் நடப்பதாக எண்ணுக' என்றபோது இடத்தை அறியும் பகுதி செயற்பட்டது. நலமுடையோர் மூளையில் கண்ட அதே செயற்பாடு அது. அப்பெண் சொல்லைக் கேட்டார், பொருளை உணர்ந்தார், ஏவலை ஏற்றார். ஆயின் அவர் உடலில் ஒரு விரலும் அசையவில்லை.

2010-இல் கேம்பிரிட்ஜ், பெல்சியத்தின் லியேஜ் ஆகிய இரு நகரத்தாரும் 54 நோயாளரை ஆராய்ந்தனர். ஐவர் ஏவியவாறு மூளையைச் செயற்படுத்தினர். அவருள் ஒருவர்க்கு, 'ஆம் எனின் டென்னிஸ், இல்லை எனின் வீடு' என்று ஒரு குறியீடு கற்பிக்கப்பட்டது. தந்தையின் பெயர் போன்ற எளிய ஆறு வினாக்களுள் ஐந்திற்கு அவர் சரியான விடை தந்தார். ஆறாவதற்கு விடை கிடைக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. கருவியைப் படுக்கையருகே கொண்டுவர இயலாது. ஆகவே மின்னலை வரைவிகொண்டு இதனைச் செய்யும் முயற்சி தொடர்ந்தது. 2019-இல் நியூயார்க் நகரில், அண்மையில் மூளை பாதிப்புற்று ஏவலுக்கு இணங்காதிருந்த 104 நோயாளர்க்கு, கையைத் திறந்து மூடுமாறு ஒலிப்பதிவின் வழி சொல்லப்பட்டது. 16 பேரின் மூளை அலைகள் அவ்வேவலை ஏற்றதைக் காட்டின. 2024-இல் பல நாட்டு மருத்துவமனைகள் இணைந்து வெளியிட்ட ஆய்வில், புறத்தே ஏவலுக்கு இணங்காத 241 பேருள் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மூளையளவில் இணங்கினர். இதனை மறை உணர்வு எனக் குறிக்கலாம்.

மும்பைச் செவிலியர் வரலாறு

இந்திய நாட்டார் உள்ளத்தில் இவ்வினாவை ஆழப் பதித்தவர் அருணா ஷான்பாக். கருநாடகத்து ஹல்திப்பூரில் பிறந்து, மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றிய அவர், 1973 நவம்பர் 27-ஆம் நாள் கொடிய தாக்குதலுக்கு ஆளானார். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளைக்கு உயிர்வளி தடைப்பட்டது. அன்று முதல் 2015 மே 18-இல் நுரையீரல் அழற்சியால் உயிர் நீங்கும் வரை, 41 ஆண்டுகளுக்கு மேல், அம்மருத்துவமனைச் செவிலியரே தலைமுறை தலைமுறையாக அவரைப் பேணினர்.

அவர்க்கு உணவளிப்பதை நிறுத்த வேண்டும் என்ற மனு உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் மூன்று மருத்துவர்களை அனுப்பியது. நிலையான தாவர நிலைக்குரிய பெரும்பாலான கூறுகள் அவரிடம் உள்ளன என்றும், அவர் மூளைச்சாவுற்றவர் அல்லர் என்றும் தெரிந்தது. மருத்துவமனைத் தரப்போ, அவர்க்கு விருப்பமான மீனும் கோழிச் சாறும் கிடைக்கையில் அவர் புன்னகைப்பதாக எடுத்துரைத்தது. 2011 மார்ச் 7-இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. எனினும் தக்க நிலையில், உயர் நீதிமன்ற இசைவோடு, உயிர்காப்பு முயற்சியை விலக்கலாம் என்ற நெறியை வகுத்தது. பின்னர் 2018 மார்ச் 9-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாண்போடு இறத்தலும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என ஏற்று, முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்திற்கும் இடமளித்தது. 2023 ஜனவரியில் அந்நடைமுறை எளிமையாக்கப்பட்டது.

அப்புன்னகை உள்ளத்தின் மெய்ப்பாடா, தசையின் தன்னிச்சை இயக்கமா? மருத்துவர் ஒருவாறும் உடனிருந்து பேணியோர் வேறொருவாறும் கண்டனர். இரு சாராரும் நம்பியது பெரும்பாலும் புறத்தே தெரிந்த குறிகளையே. இத்தகைய ஐயத்தில் மற்றொரு சான்றைத் தர முயல்வதே மூளை-கணிப்பொறி இணைப்பின் உண்மைப் பயன். எவ்வுயிரைத் தொடர்வது, எதனை விடுவது என்னும் அறமுடிவை அக்கருவி எடுக்காது. அம்முடிவை எடுப்போர் அறியாமையில் நின்று எடுக்காதவாறு அது துணை நிற்கும்.

கருவியின் எல்லை

புதுமையைப் போற்றும்போதே அதன் எல்லையையும் கூறுதல் ஆய்வாளன் கடன். 2024 ஆய்வில் மற்றொரு பகுதி உண்டு. படுக்கையருகே ஏவலுக்கு வெளிப்படையாக இணங்கிய 112 பேரையும் அதே மூளைச் சோதனைக்கு உட்படுத்தினர். அவருள் 43 பேரிடமே சோதனை உணர்வைக் காட்டியது. எஞ்சியோர்க்கு உணர்வு உண்டு என்பது கண்கூடு. கருவி அதனைக் காணவில்லை. ஆகவே சோதனை உணர்வைக் காட்டினால் அது வலிய சான்று; காட்டாவிடின் உணர்வில்லை என்பதற்கு அது சான்றாகாது.

திண்டுக்கல்லார்க்கு இதனை விளக்குவது எளிது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுத்தொழில் நம்முடையது. ஒரு சாவி திறவாவிடின் வேறு சாவி தேடுவோமே அன்றி, வீட்டில் ஆளில்லை என்று முடிவு கட்டுவதில்லை.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. உடல் முழுதும் செயலிழந்தோர் மூளையின் வழி விடை கூறினர் என 2017-இல் வெளிவந்த ஆய்வுரையொன்று, அதன் கணக்கீட்டில் ஐயம் எழுந்தமையால் பின்னர் அவ்விதழாலேயே திரும்பப் பெறப்பட்டது. நம்பிக்கை பெரிதாக உள்ள இடத்தில் பிழையும் எளிதில் நுழையும். ஆதலின் கருவி ஒன்றினால் உணர்வை மீட்டுத் தருவோம் எனப் பொருள் பறிப்போரிடம் குடும்பத்தார் விழிப்பாயிருத்தல் வேண்டும். இக்கருவி நோயைக் குணப்படுத்துவதன்று; கேட்கும் செவி போன்றது.

இன்று நம்மூர்களில் கைக்கெட்டும் சோதனை, பயிற்சி பெற்றோர் படுக்கையருகே முறையாகச் செய்வதே. அதுவும் எளியதன்று. மருத்துவக் குழுவினர் உணர்வற்றோர் எனக் கருதிய 44 பேரை, 2009-இல் வெளியான ஆய்வொன்றில் உரிய அளவுகோல்கொண்டு மீண்டும் சோதித்தபோது, 18 பேர் சிற்றுணர்வு நிலையில் இருப்பது தெரிந்தது. உணர்வு வந்து வந்து மறைவதால், ஒரு முறை நோக்கி முடிவு கூறாமல், குறுகிய காலத்தில் ஐந்து முறையேனும் சோதித்தல் வேண்டும் என்பது பிற்கால ஆய்வு தந்த பாடம். கண்ணாடியை முகத்தெதிரே மெல்ல நகர்த்தி, தன் உருவைக் கண் தொடர்கிறதா என நோக்குதல் அச்சோதனைகளுள் ஒன்று. அதற்கு வேண்டுவது ஒரு முகக்கண்ணாடியே.

தாய்மொழியும் தமிழ்த்துறையும்

இச்சோதனைகள் அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே: நோயாளர் ஓர் ஏவலைக் கேட்டு, அதன் பொருளை உணர்தல். எனவே ஏவல் எம்மொழியில், எந்நடையில் அமைகிறது என்பது முதன்மையான வினாவாகிறது. ஆங்கிலத்திலோ, பாடநூல் தமிழிலோ ஏவினால், நிலக்கோட்டைப் பக்கத்துப் பூக்கட்டும் பெண்ணின் தளர்ந்த மூளைக்கு அது எட்டுமா? டென்னிஸ் மட்டையைத் தொட்டறியாதவர் அவ்வாட்டத்தை எவ்வாறு மனத்தில் நிகழ்த்துவார்? அவரிடம் பூத்தொடுப்பதாக எண்ணச் சொல்லலாம். பூட்டுத் தொழிலாளியிடம் அரம்கொண்டு தேய்ப்பதாகவும், சின்னாளப்பட்டி நெசவாளியிடம் தறியில் அமர்ந்து நெய்வதாகவும், இளைஞரிடம் கபடி ஆடுவதாகவும் எண்ணச் சொல்லலாம். பல்லாண்டு பழகிய கைத்தொழிலை உள்ளம் எளிதில் நினைவுகூரும் என எதிர்பார்க்க இடமுண்டு. இதனை மருத்துவர் சோதித்தறிதல் வேண்டும்.

ஏவலுக்குரிய சொற்றொடர் குறுகியதாக, ஒரே வினையுடையதாக இருத்தல் வேண்டும். வீட்டார் அவரை அழைக்கும் பெயராலும் முறையாலும் அழைத்தல் வேண்டும். 'அத்தா, கையை மூடுங்கள்' என்று மகள் சொல்வதும், முன்பின் அறியாதவர் சொல்வதும் ஒன்றல்ல. ஏவலுக்கும் விடைக்கும் இடையே போதிய நேரம் விடுதல் வேண்டும். இத்தகைய ஏவற்றொடர்களை வட்டார வழக்கில் ஆக்கி, ஒலிப்பதிவு செய்து, நரம்பியல் மருத்துவரோடு இணைந்து செம்மைப்படுத்துவது தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க நல்லாய்வாகும். கலைச்சொல்லாக்கமும் உண்டு. மேலே கூறிய நான்கு நிலைகளுக்கும் வீட்டார்க்குப் புரியும், புண்படுத்தாத தமிழ்ச் சொற்கள் வேண்டும்.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நோயாளரைக் கண்டு நலம் கேட்டல் நம் சமூகத்தில் அறமாகவே போற்றப்படுகிறது. அவ்வாறு செல்வோர், படுத்திருப்பவர் கேட்கமாட்டார் என எண்ணி, அவர் தலைமாட்டில் நின்றே அவர் முடிவைப் பற்றியும் சொத்தைப் பற்றியும் பேசுதல் தகாது. நால்வரில் ஒருவர் கேட்டிருக்கக்கூடும் என்பதை எண்ணுதல் வேண்டும். அவர் பெயரைச் சொல்லி அழைத்து, தம் பெயரையும் சொல்லி, அன்றைய நாளையும் செய்தியையும் கூறி, ஒருவர் பின் ஒருவராகப் பேசுவதே முறை. வீட்டார், எந்நேரத்தில் யார் குரலுக்கு எவ்வசைவு தோன்றியது என ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டினால், அது பெருந்துணையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உணர்வு குன்றிய நிலைகள் பல என்பதும், அவை மூளைச்சாவினின்று வேறானவை என்பதும், புறத்தே குறியில்லாமையால் அகத்தே உணர்வில்லை எனக் கொள்ளுதல் பிழை என்பதும், மூளை மின்னலை அதற்கொரு புதுச் சான்று என்பதும், அச்சான்றுக்கும் எல்லை உண்டு என்பதும் பெறப்பட்டன. மெய்ப்பாட்டியலும் குறிப்பறிதலும் கற்றுத்தரும் நமக்கு இத்துறை அயலானதன்று. உடல் காட்டாத குறிப்பையும் அறிய முயலும் அதன் தொடர்ச்சியே ஆகும். கருவி நம்மூர் மருத்துவமனைக்கு வரும் நாள் வரட்டும். வரும்போது அது கேட்கும் வினா நம் மக்களின் தமிழில் அமைந்திருக்க வேண்டும். அதற்கான பணியை நம் வகுப்பறையிலிருந்தே தொடங்குவோமாக.